கயாக்கில் போய் முகாமிடத் திட்டமா? கூடாரத்தின் எடையை மட்டும் பார்க்காதீர்கள்

சாங்கியிலிருந்து கயாக்கில் துடுப்பு போட்டுப் புலாவ் உபினுக்குப் போகலாம், கடற்கரையில் ஓர் இரவு தங்கலாம் என்று நண்பர்களோடு திட்டம் போட்டாச்சு. அடுத்த கேள்வி: எந்தக் கூடாரம்?

கடையில் கேட்டால், இருப்பதிலேயே லேசானதை எடுத்து நீட்டுவார்கள். ஆனால் அவற்றில் பல, குளிரான மலைப்பாதையில் முதுகில் சுமந்து நடப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. உங்கள் கூடாரம் கயாக்குக்குள் போகவேண்டும், மணலில் நிற்கவேண்டும், நம்ம ஊர் வெப்பத்தையும் மழையையும் தாங்கவேண்டும்.

அப்படியென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

எடை எவ்வளவு முக்கியம்?

கயாக்கில் சுமையைத் தாங்குவது கடல், உங்கள் முதுகு இல்லை. ஒருவர் ஒரு நாளுக்கு 4 லிட்டர் குடிநீர் எடுத்துக்கொண்டால் அதுவே 4 கிலோ. இருவர் படுக்கும் நல்ல கூடாரங்கள் 1.5 கிலோ முதல் 2.5 கிலோ வரையிலான எடையில் கிடைக்கின்றன. அதற்குள் இருந்தால் போதும். இன்னும் 500 கிராம் குறைக்க மிக மெல்லிய துணிக்குப் போனால், சிப்பியும் பவளத்துண்டும் அடித்துணியைக் கிழித்துவிடலாம்.

'மினிமம் வெயிட்' என்று போட்டிருக்கும் எடையை நம்பி வாங்காதீர்கள். முளைகள், கயிறுகள், பை ஆகியவை பொதுவாக அதில் சேராது. 'பேக்ட் வெயிட்' என்பதுதான் நீங்கள் உண்மையில் எடுத்துச்செல்லும் எடை.

மடித்தால் உள்ளே நுழையுமா?

பல கயாக்குகளில் வட்ட மூடியின் விட்டம் 20 முதல் 25 சென்டிமீட்டர்தான். குண்டாகச் சுருட்டிய கூடாரம் அதில் நுழையாது. துணியை ஒரு நீர்புகாப் பையில் போடுங்கள், கம்பிகளைத் தனியாக வையுங்கள். மடித்த கம்பியின் நீளம் சுமார் 45 சென்டிமீட்டருக்குள் இருந்தால் வைப்பது சுலபம்.

வாடகைக்குக் கிடைக்கும், மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்குகள் பலவற்றில் பொருள் வைக்கப் பெரிய அறையே இருக்காது. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

இரவில் காற்று வரணும், விடியலில் மழை வரக்கூடாது

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

இரவு 10 மணிக்கும் புழுக்கம் குறையாது. ஒரே அடுக்குத் துணியால் ஆன கூடாரத்தில் மூச்சுக்காற்றின் ஈரம் உள்சுவரில் நீராகப் படியும். காலையில் மழை பெய்யாமலேயே நனைந்திருப்பீர்கள்!

அதற்காக வெறும் வலையை மட்டும் நம்பவும் முடியாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' புயற்காற்று வீசும் காலம். அது பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வரும். காற்றின் வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டரை எட்டலாம்.

அதனால் இரண்டு அடுக்குக் கூடாரமே நல்லது. உள்ளே வலை, மேலே மழைத்துணி. மழைத்துணியின் பக்கங்களைச் சுருட்டிக் கட்டவும், தூக்கக் கலக்கத்திலும் ஒரே நிமிடத்தில் இறக்கிவிடவும் முடியணும். மழைத்துணிக்கு 1,500 மில்லிமீட்டர், அடித்துணிக்கு 3,000 மில்லிமீட்டர் என்ற அளவில் நீர் தாங்கும் திறன் இருக்கிறதா என்று பாருங்கள். வலையின் கண்களும் மிகச் சிறியதாக இருக்கவேண்டும். மலாயில் 'அகாஸ்' எனப்படும் பொடிப்பூச்சிகள் சாதாரணக் கொசுவலை வழியாகவே நுழைந்துவிடும்.

மணலில் முளை நிற்குமா?

சாதாரண முளைகள் மணலில் லேசாக இழுத்தாலே வந்துவிடும். முளையை மட்டுமே நம்பி நிற்கும் கூடாரம் அதோடு சேர்ந்து சரியும். சொந்தக் கம்பிகளால் தானாக நிற்கும் வகையை வாங்குங்கள்.

அதையும் கட்டாமல் விடக்கூடாது. காலிப் பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதையுங்கள். காற்றடித்தாலும் அசையாது.

எங்கே போடுவது?

உபினில் ஜெலுத்தோங், மாமாம் ஆகியவை முகாமிடும் இடங்கள். கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழக இணையத்தளத்தில் நடப்பு விதிகளைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும். கரையில் ஒதுங்கிய குப்பைக் கோட்டுக்கு நன்றாக மேலே கூடாரம் போடுங்கள். கயாக்கையும் அங்கேயே இழுத்துவைத்துக் கட்டுங்கள். உணவைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். உபினில் காட்டுப்பன்றிகள் உண்டு.

இடி மின்னலுக்குக் கூடாரம் பாதுகாப்பு இல்லை. வானிலை முன்னுரைப்பு மோசமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

வீடு திரும்பியதும்...

உப்பு, ஜிப்பையும் கம்பிகளையும் அரிக்கும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுசாகக் காயவைத்த பிறகே மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும்.

வாங்கும் முன் கேட்கவேண்டிய 5 கேள்விகள்:

- முளை இல்லாமல் நிற்குமா?
- மழைத்துணியைச் சீக்கிரம் ஏற்றி இறக்க முடியுமா?
- வலை பொடிப்பூச்சியைத் தடுக்குமா?
- கயாக்கின் மூடி வழியாக நுழையுமா?
- எல்லாம் சேர்த்து எத்தனை கிலோ?

எடை கடைசிக் கேள்வியாக இருக்கட்டும். புதுக் கூடாரத்தை முதலில் வீட்டு ஹாலில், விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். இருட்டில் கை பழகியிருந்தால், விடியற்காலை 4 மணிக்குக் காற்று அடிக்கும்போது பதற்றம் இருக்காது.