வெட்டுப்பட்ட முப்பத்திரண்டு சுருள்கள்

1918இல் வந்த 'தி ஹார்ட் ஆஃப் ஹ்யூமானிட்டி' என்ற ஊமைப்படத்தில் ஒரு ஜெர்மானிய அதிகாரி, அழும் கைக்குழந்தையைத் தூக்கி ஜன்னல் வழியே எறிவான். போர்க்காலக் கோபம் தணியாத அமெரிக்க ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அந்த வேடத்தில் நடித்தவர் எரிக் வான் ஸ்ட்ரோஹைம். மக்களின் அந்த வெறுப்பையே விளம்பரமாக்கி அவரை நட்சத்திரமாக்கினார்கள்.

1885இல் வியன்னாவில் பிறந்தவர்; யூதத் தொப்பி வியாபாரியின் மகன். 1909இல் அமெரிக்காவில் கப்பலிறங்கியதும் பெயரில் 'வான்' சேர்த்துக்கொண்டு பிரபு வம்சம் என்று சொல்லிக்கொண்டார். சாகும்வரை அந்தக் கதையை அவர் விடவே இல்லை. இயக்குநர் கிரிஃபித்திடம் சில்லறை வேடங்களும் எடுபிடி வேலைகளுமாகத் தொழில் பழகி, 1919இல் 'பிளைண்ட் ஹஸ்பண்ட்ஸ்' படத்தைத் தானே எழுதி, இயக்கி, நடித்தார். படம் ஓடியது.

'ஃபூலிஷ் வைவ்ஸ்' (1922) படத்துக்காக யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் மான்டி கார்லோவையே கட்டி எழுப்பினார். செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு, அடுத்த படம் பாதியில் இருக்கும்போதே நிர்வாகி இர்விங் தால்பெர்க் அவரை வெளியே அனுப்பினார். தால்பெர்க்குக்கு அப்போது வயது 23. படம் யாருடையது, எடுத்தவருடையதா, பணம் போட்டவருடையதா என்பதற்கு ஹாலிவுட் அன்றே பதில் சொல்லிவிட்டது.

அதன் பிறகுதான் 'கிரீட்'. ஃபிராங்க் நாரிஸின் நாவலை ஒரு வரி விடாமல் எடுக்க ஆசைப்பட்டார் ஸ்ட்ரோஹைம். அரங்கு வேண்டாமென்று சான்ஃபிரான்சிஸ்கோவின் நிஜ வீடுகளுக்குள் கேமராவைக் கொண்டுபோனார். கடைசிச் சண்டைக்காக 1923ஆம் ஆண்டு கோடையில் மொத்தக் குழுவையும் டெத் வேலி பாலைவனத்துக்கு அழைத்துச் சென்றார். கொளுத்தும் வெயிலில் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். நடிகர் ஜீன் ஹெர்ஷோல்ட் மருத்துவமனையில் படுக்க வேண்டியதாயிற்று. திரையில் சண்டையிடும் இருவரும் மணலில் கட்டிப் புரளும்போது முகத்தில் தெரியும் களைப்பு ஒப்பனையில் வந்ததல்ல.

முதல் வடிவம் 42 சுருள், ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். அதற்குள் 'கிரீட்' படத்தை எடுத்த நிறுவனம் கைமாறி எம்.ஜி.எம். ஆகியிருந்தது. அங்கும் அதிகாரத்தில் தால்பெர்க்! படம் பத்துச் சுருளாகச் சுருங்கி வெளியானது. ஒன்பது மணி நேரப் படத்தை எந்தத் தியேட்டரும் ஓட்டியிருக்காது; அந்த அளவில் தால்பெர்க் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் வெட்டியதைப் பத்திரப்படுத்தாமல் அழியவிட்டதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

'தி மெர்ரி விடோ' (1925) வசூலில் வென்றும் பயனில்லை. குளோரியா ஸ்வான்சன் நடித்துத் தயாரித்த 'குயீன் கெல்லி' 1929இல் பாதியிலேயே நின்றது. பேசும் படம் வந்துவிட்டிருந்த நேரம். இயக்குநராக அவர் மீண்டும் எழவில்லை, நடித்துத்தான் பிழைத்தார். ரெனுவாரின் 'கிராண்ட் இல்யூஷன்' (1937) படத்தில் கழுத்துப் பட்டையோடு விறைத்து நிற்கும் சிறைத் தளபதி அவர்தான். 1950இல் பில்லி வைல்டர் 'சன்செட் பொலிவார்ட்' படத்தில் அவருக்குக் கொடுத்த வேடம், பழைய நடிகைக்கு வேலைக்காரனாகிவிட்ட முன்னாள் இயக்குநர். நடிகையாக வந்தவர் அதே ஸ்வான்சன். அவர்கள் வீட்டுத் திரையில் ஓடுவது நிஜமான 'குயீன் கெல்லி' காட்சி. அந்த வேடம் அவருக்கு ஆஸ்கர் பரிந்துரையை வாங்கித் தந்தது.

1957இல் பிரான்ஸில் காலமானார். 1999இல் 'கிரீட்' படத்தின் தொலைந்த காட்சிகளுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான புகைப்படங்களைக் கோத்து நான்கு மணி நேரப் பதிப்பு ஒன்று தயாரித்தார்கள். அதில் கதை முழுசாகப் புரிகிறது; நடிப்புக்குத்தான் அசையாத படங்களோடு திருப்திப்பட வேண்டியிருக்கிறது.