கத்தோலிக்கப் பெண்: திருச்சபைச் சட்டம் சொல்வது என்ன, ஊர் வழக்கம் சொல்வது என்ன?

"பெண்பிள்ளை பீடத்தில் ஏறக்கூடாது." "கணவனை இழந்தவள் ஞானத்தாயாக நிற்கக்கூடாது." "முக்காடு இல்லாமல் நற்கருணை வாங்கக்கூடாது." "இந்துப் பெண் மதம் மாறினால்தான் தேவாலயத்தில் கல்யாணம்."

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களில் இத்தகைய பேச்சுகளைக் கேட்காதவர்கள் குறைவு. சொல்பவர்கள் பெரும்பாலும் குடும்பத்துப் பெரியவர்கள். அதனால் "சபைச் சட்டமே அப்படித்தான்" என்று இளையோர் நம்பிவிடுகிறார்கள். ஆனால், இன்று நடைமுறையில் உள்ள 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் மேற்சொன்ன தடைகளில் ஒன்றுகூட இல்லை.

கத்தோலிக்கப் பெண்ணின் நிலையைப் புரிந்துகொள்ள மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, மாற்ற முடியாது என்று திருச்சபை கருதும் போதனை. இரண்டாவது, காலத்துக்கேற்பத் திருத்தப்படும் சட்டம். மூன்றாவது, ஊரும் உறவும் சேர்த்துக்கொண்ட வழக்கம். நம் பெண்களுக்குச் சொல்லப்படும் "கூடாது"களில் பல இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவை.

பெண்ணுக்கு இல்லாதது எது?

பெண்கள் குருவாக முடியாது. திருமுழுக்குப் பெற்ற ஆணே குருத்துவத் திருநிலையைப் பெற முடியும் என்று சட்டத் தொகுப்பின் 1024ஆம் பிரிவு கூறுகிறது. பெண்களுக்குக் குருத்துவம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1994 மே மாதம் அறிவித்தார். எனவே திருப்பலி நிறைவேற்றுதல், பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பு வழங்குதல், நோயில்பூசுதல் ஆகிய பணிகள் பெண்களுக்கு இல்லை. திருப்பலியில் நற்செய்திக்குப் பிறகு வரும் மறையுரையும் குருக்களுக்கும் திருத்தொண்டர்களுக்கும் மட்டுமே உரியது.

அருள்சகோதரிகளும் திருநிலை பெற்றவர்கள் அல்லர். அவர்கள் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய வாக்குறுதிகளை எடுத்துக்கொண்டு வாழும் துறவியர்.

திருத்தொண்டர் பணியைப் பெண்களுக்கு வழங்கலாமா என்பதை ஆராயத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016லும் 2020லும் குழுக்களை அமைத்தார். அந்தக் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது என்று 2024 அக்டோபரில் வெளிவந்த ஆயர் மாமன்ற இறுதி ஆவணம் குறிப்பிட்டது.

பீடத்தில் பெண்கள்

திருப்பலியில் வாசகம் வாசிக்கவும், அனுமதி பெற்று நற்கருணை வழங்கவும் பெண்களால் முடியும். சிறுமிகள் பீடப்பணி செய்யலாம் என்று வத்திக்கான் 1994இல் தெளிவுபடுத்தியது. தம் மறைமாவட்டத்தில் அதை நடைமுறைப்படுத்துவதா என்பதை அந்தந்த ஆயரே முடிவு செய்வார். ஆகவே ஒரு பங்கில் சிறுமிகள் பீடப்பணியில் இல்லை என்றால், அது அங்குள்ள ஏற்பாடு. பெண் என்பதால் உலகத் திருச்சபை விதித்த தடை என்று அதைச் சொல்ல முடியாது.

வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளை நிலையான பொறுப்பாக ஏற்கும் உரிமை ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் 230ஆம் பிரிவைத் திருத்தி அதைப் பெண்களுக்கும் வழங்கினார். அதே ஆண்டு மே மாதம் மறைக்கல்வி ஆசிரியர் பணியும் நிலையான திருப்பணியாக அறிவிக்கப்பட்டது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளைப் பல ஆண்டுகளாகத் தாங்கிவரும் நம் ஆசிரியைகளின் உழைப்புக்கு இது ஓர் அங்கீகாரம்.

அவசர காலத்தில் திருமுழுக்குக் கொடுக்கவும் பெண்ணுக்கு முழு உரிமை உண்டு. பிறந்த குழந்தை சாகக் கிடக்கிறது, குரு வர நேரமில்லை என்றால், தாயோ பாட்டியோ தாதியோ தண்ணீர் ஊற்றித் தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் திருமுழுக்குக் கொடுக்கலாம். அது செல்லும். மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. குழந்தை பிழைத்தால் பங்குத்தந்தையிடம் தெரிவித்துப் பதிவு செய்வது முக்கியம்.

தீட்டு, முக்காடு, கைம்மை

மாதவிலக்கு நாள்களில் தேவாலயத்துக்குள் வரவோ நற்கருணை பெறவோ தடை இல்லை. இது புதிதாக வந்த சலுகையும் அல்ல. கி.பி. 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த முதலாம் கிரகோரியார் இங்கிலாந்துக்கு எழுதியதாக வழங்கும் பதில்களிலேயே, இந்தக் காரணத்துக்காகப் பெண்ணைத் தடுக்கக்கூடாது என்ற கருத்து இடம்பெற்றுள்ளது. குழந்தை பெற்றவளுக்கும் தீட்டு என்று எதுவும் இல்லை. முன்பு தாய்க்குத் தனியாக வழங்கப்பட்ட ஆசி, இன்று குழந்தையின் திருமுழுக்குச் சடங்கிலேயே சேர்ந்துள்ளது.

பெண்கள் தலையை மூட வேண்டும் என்ற விதி 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இருந்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது இடம்பெறவில்லை. விரும்புகிறவர்கள் முக்காடு போட்டுக்கொள்ளலாம். போடாதவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஞானப் பெற்றோராக நிற்பவர் 16 வயது நிறைந்தவராக, உறுதிபூசுதல் பெற்றவராக, விசுவாச வாழ்வு வாழ்பவராக இருக்க வேண்டும் என்கிறது 874ஆம் பிரிவு. கணவன் உயிரோடு இருக்கிறாரா என்று சட்டம் கேட்கவில்லை. மகள் திருமணத்தில் தாய் பின்வரிசையில் ஒதுங்கி உட்காருவதும், கணவரின் கல்லறை வரை மனைவி போகக்கூடாது என்பதும் சமூகத்தில் இருந்து நம்மோடு வந்த பழக்கங்கள். திருச்சபை அவற்றைக் கேட்டதில்லை. கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளவும் தடை இல்லை.

திருமணத்தில் பெண்ணின் சம்மதம்

கத்தோலிக்கத் திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதம். அதைப் பெற்றோரோ உறவினரோ அவர்களுக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது. மிரட்டியோ கடும் அச்சத்துக்கு உள்ளாக்கியோ நடத்தப்பட்ட திருமணம் செல்லாது என்று 1103ஆம் பிரிவு கூறுகிறது. இல்லற வாழ்வில் கணவனுக்கும் மனைவிக்கும் சமமான கடமையும் உரிமையும் உண்டு என்கிறது 1135ஆம் பிரிவு.

நம் நாட்டில் கலப்பு மணம் சாதாரணம். இந்துப் பெண் கத்தோலிக்கரை மணக்க மதம் மாற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆயரின் விதிவிலக்கு அனுமதி வேண்டும். தம் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் கத்தோலிக்கத் தரப்பினரே வாக்குக் கொடுக்கிறார். மற்றவருக்கு அது தெரிவிக்கப்படும், அவ்வளவுதான்.

அடி உதையைப் பொறுத்துக்கொள்வது திருமண அருள்சாதனத்தின் பகுதி அல்ல. துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலோ மனத்தாலோ கடும் ஆபத்து விளைவிப்பவரைப் பிரிந்து வாழ 1153ஆம் பிரிவு இடம் தருகிறது. சாதாரணமாக ஆயரின் ஆணை வேண்டும். தாமதித்தால் ஆபத்து என்றால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மலேசியாவில் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமும், சிங்கப்பூரில் மாதர் சாசனமும் தரும் பாதுகாப்பை நாடுவது பாவம் ஆகாது.

விவாகரத்து ஆனதாலேயே ஒரு பெண் நற்கருணையை இழப்பதில்லை. முந்தைய திருமணம் செல்லுபடியாக இருக்கும்போது மறுமணம் செய்வதால்தான் சிக்கல் எழுகிறது. திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று தீர்ப்புப் பெறும் வழக்கை மறைமாவட்டத் தீர்ப்பாயம் விசாரிக்கும். 2015 டிசம்பரில் நடப்புக்கு வந்த மாற்றங்கள் இந்த நடைமுறையை எளிதாக்கின. அப்படித் தீர்ப்பு வந்தால் பிள்ளைகள் முறையற்றவர்கள் ஆகிவிடுவார்களோ என்று பல தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். ஆகமாட்டார்கள் என்று 1137ஆம் பிரிவு உறுதி தருகிறது.

இம்மண்ணில் பெண்கள் செய்தவை

குழந்தை இயேசு சபை அருள்சகோதரிகள் 1852இல் பினாங்குக்கும் 1854இல் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே அரிதாக இருந்த காலம் அது. சிங்கப்பூர் விக்டோரியா சாலைக் கான்வென்ட்டின் வாசலில் விடப்பட்ட குழந்தைகளையும் அவர்களே எடுத்து வளர்த்தார்கள். பெட்டாலிங் ஜெயாவில் 1954இல் தொடங்கிய அசுந்தா மருத்துவமனையும் அருள்சகோதரிகளின் உழைப்புதான்.

துறவு பூணாத பெண்களில் மறக்க முடியாதவர் சிபில் கார்த்திகேசு. 1899இல் பிறந்த இவர் பயிற்சி பெற்ற தாதி. தமிழரான தம் கணவர் டாக்டர் கார்த்திகேசுவோடு பேராக், பப்பானில் மருத்துவப் பணி செய்தபோது, ஜப்பானியரை எதிர்த்த போராளிகளுக்கு இரகசியமாகச் சிகிச்சை அளித்தார். 1943இல் கைதாகிக் கொடும் சித்திரவதைக்கு ஆளானபோதும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. 1948இல் ஸ்காட்லாந்தில் இறந்த அவரின் உடல், பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டுக் கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

பெயர் தெரியாதவர்கள் இன்னும் அதிகம். குரு மாதம் ஒருமுறை வந்துபோன தோட்டங்களில் செபமாலையைத் தொடங்கியதும், பிள்ளைகளுக்கு மந்திரங்கள் சொல்லிக் கொடுத்ததும், இழவு வீட்டில் செபம் சொன்னதும் பெரும்பாலும் பெண்களே. இன்றைய அன்பியக் கூட்டங்களிலும் அதுவே தொடர்கிறது.

நிர்வாகத்திலும் இடம்

பங்குப் பேரவையிலும் நிதிக்குழுவிலும் பெண்கள் உறுப்பினராகலாம். மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் நீதிபதியாகவும் ஆகலாம். 2023 அக்டோபர் ஆயர் மாமன்றத்தில் முதன்முறையாகப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 54 பெண்கள் அந்த உரிமையோடு கலந்துகொண்டார்கள். 2025 ஜனவரியில் அருள்சகோதரி சிமோனா பிராம்பில்லா வத்திக்கான் துறை ஒன்றின் தலைவராக நியமிக்கப்பட்ட முதல் பெண் ஆனார்.

ஆகவே "பெண் இதைச் செய்யக்கூடாது" என்று யாராவது சொன்னால், அது போதனையா, சட்டமா, வழக்கமா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் பங்குத்தந்தையை அணுகலாம். திருமணம் பற்றிய கேள்விகளுக்கு மறைமாவட்டத் தீர்ப்பாயத்தை நாடலாம். திருமுழுக்கால் எல்லா விசுவாசிகளும் மாண்பில் சமம் என்று 208ஆம் பிரிவு சொல்கிறது. அதை நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.