கோடு தாண்டினால் குற்றவாளி!

அமெரிக்க நாட்டின் வடகிழக்கு மூலையிலே நியூ ஹாம்ப்ஷயர் என்றோர் மாநிலம். அதன் தென் எல்லையை ஒட்டி நாஷுவா என்றோர் நகரம். அந்நகரை விட்டுத் தெற்கு நோக்கிக் காரிலே சிறிது தொலைவு சென்றால் மாசசூசெட்ஸ் மாநிலம் தொடங்குகிறது. மண் மாறவில்லை, மரம் மாறவில்லை, மக்கள் பேசும் மொழியும் மாறவில்லை. மாறுவது ஒன்றே ஒன்று — சட்டம்!

பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் அந்தச் சாலையிலே செல்வதாக எண்ணிப் பார்ப்போம். தந்தை தந்த கைத்துப்பாக்கி அவனிடம் இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரிலே அவன் குற்றமற்றவன். அங்கே அதை மறைத்து எடுத்துச் செல்லவும் 2017 முதல் உரிமம் தேவையில்லை. எல்லையைத் தாண்டுகிறான். மாசசூசெட்ஸிலே கைத்துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். உரிமம் பெற 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். உரிமமின்றி எடுத்துச் செல்வோருக்குக் குறைந்தது ஓராண்டுச் சிறை என்று 1974ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்த மாநிலம் அது. அதே இளைஞன், அதே கருவி, அதே மனம்! ஒரு நொடிக்கு முன் குடிமகன்; மறு நொடியிலே குற்றவாளி!

எங்கோ இருக்கும் நாட்டின் துப்பாக்கிச் சட்டம் நமக்கு எதற்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். துப்பாக்கி நமக்கு வேண்டாம். ஆனால் அந்தச் சட்டத்தின் வரலாறு வேண்டும். ஒரு சட்டம் சரியா தவறா என்று தீர்மானிக்க அறிவைக் கேட்பதா, ஆண்டு பலவற்றுக்கு முன் மாண்டுபோன முன்னோரைக் கேட்பதா என்ற வழக்கு அங்கே இன்று நடக்கிறது. அந்த வழக்கு எந்த நாட்டிலே நடந்தாலும், பகுத்தறிவாளர்கள் உற்றுப் பார்க்கவேண்டிய வழக்கு அன்றோ?

1791ஆம் ஆண்டு, ஆயுதம் வைத்திருக்கும் உரிமை அமெரிக்க அரசியல் சட்டத்திலே இரண்டாவது திருத்தமாக ஏறிற்று. அடுத்த ஆண்டு, 1792இல், குடிப்படைச் சட்டம் வந்தது. பதினெட்டு வயது முதல் நாற்பத்தைந்துக்கு உட்பட்டோர் துப்பாக்கியுடன் படைக்குப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்றது அச்சட்டம். எல்லோருமா? இல்லை, உடல் வலுவுள்ள, அடிமையல்லாத, வெள்ளை நிறத்து ஆண் குடிமக்கள் மட்டும். வயதைச் சொன்ன அதே வரியிலே நிறத்தையும் சொன்னார்கள்! இதை நினைவிலே நிறுத்திக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

பயணிக்கு அந்நாளிலே தனிச் சலுகை இருந்தது. 1813இல் கென்டக்கி மாநிலம், ஆயுதத்தை மறைத்து வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. நெடும்பயணம் செல்வோரை மட்டும் விலக்கிற்று. காடு கடந்து, ஆறு கடந்து செல்பவனுக்குக் காவலர் துணை ஏது? 1856இல் டென்னசி மாநிலம், வயது வராதோருக்குக் கைத்துப்பாக்கி விற்பதையும் கொடுப்பதையும் தடுத்தது. அந்நாளிலே வயது வருவதென்றால் 21. ஆனால் அந்தச் சட்டத்திலும் ஒரு சன்னல் திறந்திருந்தது: வேட்டைத் துப்பாக்கிக்கும், பயணத்திலே தற்காப்புக்கான ஆயுதத்துக்கும் தடை இல்லை! வீட்டிலே இருக்கும் சிறுவனை நம்பாத சட்டம், வழியிலே செல்லும் சிறுவனுக்கு இரங்கிற்று.

அந்த இரக்கம் எல்லாப் பயணிக்கும் கிடைத்ததா? 1857ஆம் ஆண்டைப் பாருங்கள். டிரெட் ஸ்காட் என்ற நீக்ரோ அடிமை, அடிமைமுறை இல்லாத இல்லினாய் மண்ணிலே தன் உடைமையாளனுடன் வாழ்ந்தவர். ஆகவே தாம் விடுதலை பெற்றவர் என்று வழக்குத் தொடுத்தார். எல்லைக்கோட்டைத் தாண்டியது அவரை மனிதனாக்குமா என்பதே கேள்வி. தலைமை நீதிபதி ரோஜர் டானி, ஆக்காது என்றார். கறுப்பரைக் குடிமக்கள் என ஒப்பினால் என்ன கேடு விளையும் என்று அவர் போட்ட பட்டியல் கவனிக்கத்தக்கது: அனுமதிச் சீட்டின்றி மாநிலம் விட்டு மாநிலம் செல்வார்களாம், பொதுக்கூட்டம் கூட்டுவார்களாம், போகுமிடமெல்லாம் ஆயுதம் தாங்குவார்களாம்! வெள்ளையனுக்கு உரிமை என்று எழுதப்பட்டது, கறுப்பனுக்கு என்றதும் கேடாகிவிட்டது. அடிமைமுறை ஒழிந்த 1865இலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் கூடாது என்று சட்டம் செய்தது. 1868இல் பதினான்காவது திருத்தம் வந்து, பிறந்த மண்ணிலே பிறந்தவனைக் குடிமகனென்று ஏட்டிலே எழுதவேண்டியிருந்தது. எல்லைக்கோட்டை ஆயுதத்துடன் கடப்பவன் யார் என்ற கேள்விக்குள்ளே, முழுமனிதன் யார் என்ற கேள்வி ஒளிந்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டிலே துப்பாக்கி தொழிற்சாலைப் பண்டமாயிற்று, நகரங்கள் பெருத்தன. 1911இல் நியூயார்க், கைத்துப்பாக்கி வைத்திருக்கவே உரிமம் கேட்டது. 1963 நவம்பர் 22ஆம் நாள் டல்லாஸ் நகரிலே குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஆஸ்வால்டுக்கு அப்போது வயது 24. அவன் பொய்ப்பெயரிலே சிகாகோ கடையொன்றிலிருந்து தபால்வழியே நீள்துப்பாக்கியும், லாஸ் ஏஞ்சலஸ் கடையொன்றிலிருந்து கைத்துப்பாக்கியும் வரவழைத்திருந்தான். எல்லைகள் மனிதனைத்தான் நிறுத்தின, துப்பாக்கியை நிறுத்தவில்லை!

1968 ஏப்ரலிலே மார்ட்டின் லூதர் கிங், ஜூனிலே ராபர்ட் கென்னடி — இருவரும் குண்டுக்கு இரையாயினர். அவ்வாண்டு அக்டோபரிலே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. அது இரண்டு சுவர்களை எழுப்பியது. உரிமம் பெற்ற வணிகர் 21 வயதுக்கு உட்பட்டோருக்குக் கைத்துப்பாக்கி விற்கலாகாது என்பது ஒன்று. வேற்று மாநிலத்தவருக்குக் கைத்துப்பாக்கி விற்கலாகாது என்பது மற்றொன்று. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1971இல், பதினெட்டு வயதிலே வாக்குரிமை தந்தது இருபத்தாறாவது திருத்தம். வியட்நாம் போர்க்களத்துக்கு அனுப்ப 18 போதும். ஆட்சியைத் தேர்ந்தெடுக்க 18 போதும். கடையிலே கைத்துப்பாக்கி வாங்க 21 வேண்டும்! இருவகை முதிர்ச்சி ஒரே உடலிலே குடியேறிற்று.

பயணியின் தொல்லையைத் தீர்க்க 1986இல் ஒரு பாலம் கட்டினார்கள். புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் ஆயுதம் வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் சட்டப்படி உரிமை உள்ளவன், குண்டு நீக்கி, கைக்கெட்டாத இடத்திலே வைத்து, இடையிலுள்ள மாநிலங்களைக் கடக்கலாம் என்றது அச்சட்டம். பாலம் நல்லதுதான், ஆனால் மிகக் குறுகல். 2005இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் புறப்பட்ட ஒருவர், நியூ ஜெர்சியிலே விமானம் தவறி, பெட்டியைப் பெற்றுக்கொண்டு ஓர் இரவு விடுதியிலே தங்கினார். பெட்டிக்குள் பூட்டப்பட்ட துப்பாக்கி. மறுநாள் விமான நிலையத்திலே தாமே அதை அறிவித்தார், கைதானார். குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. எனினும் அவர் நியாயம் கேட்டுத் தொடுத்த வழக்கிலே, இரவிலே பெட்டி அவர் கைக்கெட்டும் நிலையில் இருந்ததால் அச்சட்டம் அவரைக் காக்காது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது.

கடந்து செல்பவன் பாடு இது. குடியேறுபவன் பாடோ இன்னும் கடினம். அவனுக்கு அந்தப் பாலமும் இல்லை. கலிபோர்னியாவிலே குடியேறுபவர் தம் கைத்துப்பாக்கியை 60 நாட்களுக்குள் அரசுக்கு அறிவிக்கவேண்டும். நியூயார்க்கிலே பிற மாநில உரிமம் செல்லாது. புதிதாகப் பெறவோ பொதுவாக 21 வயது வேண்டும். பத்தொன்பது வயதிலே வேலை தேடி அங்கே குடியேறும் இளைஞன், தன் ஊரிலே முறையாக வைத்திருந்ததை விட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

இனி, வழக்கின் உச்சத்துக்கு வருவோம். 2022இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒரு புதிய அளவுகோலைத் தந்தது: துப்பாக்கிச் சட்டம் எதுவாயினும், அது நாட்டின் வரலாற்று மரபுக்கு ஒத்ததா என்று பார்க்கவேண்டும்! பயன் என்ன, பலி எத்தனை என்பதன்று கேள்வி. பாட்டனார் என்ன செய்தார் என்பதே கேள்வி!

விளைவு என்ன? 2025 ஜனவரியிலே நியூ ஆர்லியன்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய ஏடுகளைப் புரட்டிற்று. 1792இலே பதினெட்டு வயதினர் படையிலே இருந்தனர். ஆகவே 1968ஆம் ஆண்டின் வயதுத் தடை செல்லாது என்றது. அதே ஆண்டு ஜூனிலே ரிச்மண்ட் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதே ஏடுகளைப் புரட்டிற்று. அந்நாளிலே 21 வயதுக்கு உட்பட்டோர் ஒப்பந்தம் செய்யவும் உரிமையற்ற சிறார். ஆகவே தடை செல்லும் என்றது. ஒரே பஞ்சாங்கத்தை விரித்து, ஒரு சோதிடர் நல்ல நாள் என்றார். மற்றவர் கெட்ட நாள் என்றார்! குறை சோதிடரிடமா, பஞ்சாங்கத்திடமா?

1792இன் ஏட்டிலே பதினெட்டு என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, வெள்ளை என்ற சொல்லை விட்டுவிடுகிறார்களே, எதைக்கொண்டு விட்டார்கள்? அறிவைக்கொண்டு, அறத்தைக்கொண்டு! நன்று, வரவேற்கிறோம். அப்படியானால் எண்ணையும் அதே அறிவைக்கொண்டு ஆராய்ந்தால் என்ன? போருக்கு அனுப்பும் வயதிலே நம்பிக்கை மறுப்பது நீதியா என்று இளைஞன் கேட்கிறான். அது பதில் கூறவேண்டிய கேள்வி. 2020ஆம் ஆண்டு முதல் அந்நாட்டிலே 1 முதல் 19 வயது வரையுள்ளோரின் சாவுக்குத் தலையாய காரணம், வண்டி விபத்தையும் விஞ்சி, துப்பாக்கியே ஆயிற்று. அதுவும் பதில் கூறவேண்டிய கேள்வி. இவ்விரண்டையும் எடைபோடத் தராசு வேண்டும். 1791இலே வாழ்ந்தவர் இந்தக் கல்லறைகளைக் கண்டவருமல்லர். இந்தத் துப்பாக்கிகளைக் கண்டவருமல்லர்.

வரலாற்றைப் படிப்போம், பாடம் கற்கப் படிப்போம். டானியின் பட்டியலைப் படித்தால், உரிமை என்ற சொல்லுக்குப் பின்னால் யாரை விலக்கினார்கள் என்று தெரிகிறது. தபாலிலே வந்த துப்பாக்கியைப் படித்தால், சட்டம் எதற்காகப் பிறந்தது என்று தெரிகிறது. இவ்வளவு சொல்லித்தரும் வரலாற்றை ஆசிரியராக வைத்துக்கொள்ளலாம். நீதிபதியின் இருக்கையிலே அமர்த்துவானேன்? மாண்டவர் போட்ட கோட்டை மதிக்கவும், மாற்றவும், அழிக்கவும் வேண்டியவர் வாழ்பவர். எல்லையிலே நிற்கும் அந்தப் பத்தொன்பது வயது இளைஞனுக்குப் பதில் சொல்லவேண்டியவரும் அவர்களே!