புங்கனூர் மாடும் கூட்டு வட்டியும்

பக்கத்து வீட்டு அம்மணி போன மாதம் ஒரு டால்மேஷன் நாய்க்குட்டி வாங்கி வந்தார். கூடவே ஒரு சான்றிதழ். குட்டிக்கு இரண்டு காதும் கேட்கிறது என்று! வெள்ளை அதிகமுள்ள நாய் இனங்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. அதனால் ஐந்தாறு வாரத்திலேயே சோதித்து விடுகிறார்கள். "நாய்க்கும் கேஒய்சியா!" என்று சிரித்தேன் (வங்கிக்காரன் புத்தி). சிரித்து முடிப்பதற்குள் எங்கள் ஊர் மாடு நினைவுக்கு வந்துவிட்டது.

சித்தூர்ப் பக்கத்து ஆட்களுக்குப் புங்கனூர்க் குட்டை மாட்டைத் தெரியாமல் இருக்காது. சுமார் மூன்றடி உயரம். கொஞ்சம் தீனி, கொஞ்சம் பால், ஆனால் கெட்டிப் பால். வறண்ட பூமிக்கென்றே வார்த்த உடம்பு.

அது எப்படி அழியும் நிலைக்குப் போனது? 1960களில் தீவிர கால்நடை அபிவிருத்தித் திட்டம் வந்தது. 1970இல் வெண்மைப் புரட்சி. ஊரெங்கும் ஜெர்சி சினை ஊசி. நாட்டுக்குப் பால் கிடைத்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் புங்கனூர்ப் பசுவுக்கும் அதே ஊசி போட்டதில், இரண்டு மூன்று தலைமுறையில் இனமே கரைந்துவிட்டது.

இதில் எங்களுக்கும் பங்கு உண்டு. 1969இல் வங்கிகள் தேசியமயமான பிறகு கறவை மாட்டுக் கடன் பெருகியது. கடன் என்றால் கலப்பினம்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், புங்கனூர் மாட்டுக்குக் கடன் கேட்டு வந்த ஒரு பெரியவரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். லிட்டர் கணக்கு ஒத்து வரவில்லை. அவர் கேட்டார், "பால் கணக்கு சரி சார், தீவனக் கணக்கை யார் போடறது?" என்னிடம் பதில் இல்லை.

இனம் மிஞ்சியதற்குப் பெரிய காரணம் பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம். திருப்பதியில் 1955இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. 2005இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம் உருவானது. பலமனேர் அதன் கீழ்தான் இருக்கிறது. சில பத்து மாடுகளாகச் சுருங்கிய இனத்தை அங்கே வைத்துப் பெருக்கினார்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் புங்கனூர் மாடுகள் 13 ஆயிரத்துக்கும் மேல்.

அப்பாடா, பிழைத்தது என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பிரிட்டனில் சுமார் 10,000 பக் நாய்கள் இருந்தும், மரபணு வளத்தில் அவை 50 நாய்களுக்கே சமம் என்று 2008இல் தெரியவந்தது. தலைக்கணக்கு வேறு, வம்சக்கணக்கு வேறு.

இது நம் கூட்டு வட்டி மாதிரிதான். 4 காளை, 60 பசு கொண்ட மந்தை என்று வையுங்கள். உறவுக் கலப்பு தலைமுறைக்குச் சுமார் 3.3 சதவீதம் ஏறும். ஐந்து தலைமுறையில் கிட்டத்தட்ட 16. ஒரே தகப்பனுக்கு வெவ்வேறு தாயிடம் பிறந்த இரண்டை இணைத்தாலே 12.5தான். காளைகளை 12 ஆக்கினால் ஏற்றம் 1.25 ஆகக் குறைகிறது. 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக உணவு வேளாண் அமைப்பின் அறிவுரை. தாண்டினால் சினை பிடிக்காமை, நோஞ்சான் கன்று, ஒளிந்திருக்கும் பிறவிக் குறைகள் எல்லாம் மெல்லத் தலைகாட்டும்.

சினை ஊசிக்கான காளைகளுக்கு மத்திய அரசின் விதிமுறை இருக்கிறது. காசநோய், ஜோனிஸ் நோய், புருசெல்லோசிஸ் சோதனை, குரோமோசோம் சோதனை எல்லாம் உண்டு. வீட்டில் வளர்த்து இணை சேர்க்கும் காளைக்கு இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

2024 பொங்கல் சமயத்தில் பிரதமர் தன் வீட்டில் புங்கனூர் மாடுகளுக்குத் தீனி கொடுக்கும் படம் வந்தது. விலை லட்சங்களில் பேசப்பட்டது. இன்னும் குட்டை, இன்னும் குட்டை என்று கேட்கிறார்கள். பக் நாயின் மூக்கும் இப்படி அழகுக்காகச் சப்பையாக்கப்பட்டதுதான், இன்று அது மூச்சுக்குத் திணறுகிறது.

ஊரில் யாராவது புங்கனூர்க் கன்று வாங்கப் போனால் உயரத்தை அளப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். காது வில்லையில் 12 இலக்க எண் இருக்கிறதா? தகப்பன் காளை எது? புருசெல்லா, காசநோய் சோதனை ஆயிற்றா? பதில் இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள்.

அந்தப் பெரியவர் இன்று வந்தால் நானும் இந்தக் கேள்விகளைத்தான் கேட்பேன். தீவனக் கணக்கையும் சேர்த்தே போட்டுக் கொடுப்பேன். இருபது வருடம் தாமதம்தான், என்ன செய்ய.