விலையற்ற வீடுகள்: நோர்வூட் லயன்களின் வரலாறு

பெருநகர அடுக்குமாடிச் சந்தையில் விற்பனையாகாத வீடுகள் தேங்கும்போது விலை சரிகிறது; இலங்கை மலையகத்தின் நோர்வூட் தோட்டங்களிலோ குடியிருப்பு தொழிலாளரின் உடைமையாக அன்றி வேலையோடு பிணைந்த ஒதுக்கீடாகவே அமைந்ததால், அதற்கு விலையே உருவாகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும், இலைத்துரு நோயால் அது அழிந்தபின் தேயிலைக்கும் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோருக்காக எழுந்த ‘லயன்’ என்பது, ஒரே கூரையின்கீழ் சிற்றறைகள் வரிசையாக ஒட்டிநிற்கும் நெடுங்கட்டடமாகும். அதன் ஓர் அறையிலேயே ஒரு குடும்பத்தின் சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் தலைமுறைகளாக நடந்தன.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் சென்றபோதும், நிலவுரிமை தொழிலாளரை வந்தடையவில்லை.

2017 மே 12 அன்று நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, மலையகத்துக்கென முன்னர் உறுதியளிக்கப்பட்ட 4,000 வீடுகளுக்கு மேலதிகமாக 10,000 வீடுகளை அறிவித்தார். ஏறத்தாழ 272 சதுர அடி கொண்ட பேர்ச் என்னும் அலகில் ஏழு பேர்ச் நிலமும், அதன் உரிமையைச் சட்டப்படி நிறுவும் காணி உறுதியும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைக்கும்போதுதான், லயன் அறை வரலாறாகி, வீடு உண்மையில் வீடாகும்.