கார் கேரேஜுக்கு போர்டபிள் ஏசி: வாங்கும் முன் அறிய வேண்டியவை

புதுடெல்லி: டெல்லி, சண்டிகர், ஜெய்ப்பூர் போன்ற நகரங்களில் தனி வீடுகளின் தரைத்தளத்தில் உள்ள கேரேஜ், கார் நிறுத்துவதற்கு மட்டுமே பயன்படுவதில்லை. உடற்பயிற்சி அறை, தையல் கூடம், பழுதுபார்க்கும் பட்டறை, வீட்டிலிருந்தே பணிபுரிவோரின் அலுவலகம் எனப் பல தேவைகளுக்கும் அது உதவுகிறது. கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைக் கடக்கும்போது, தகரக் கூரையும் இரும்பு ஷட்டரும் கொண்ட அந்த அறையில் பகல் நேரத்தில் அமர்வதே கடினமாகிறது.

சுவரைத் துளைக்கத் தேவையில்லாத, சக்கரங்களில் தள்ளிச் செல்லத்தக்க போர்டபிள் ஏசி இதற்கு எளிய தீர்வாகத் தோன்றுகிறது. வாடகை வீட்டில் வசிப்போருக்கு இது கூடுதல் வசதி. எனினும், வெப்பக் காற்று எங்கே வெளியேறுகிறது, அதற்கு ஈடான காற்று எங்கிருந்து உள்ளே வருகிறது என்ற இரு கேள்விகளுக்கு விடை காணாமல் இதை வாங்கினால், பணம் வீணாவதுடன் உயிருக்கே ஆபத்து நேரவும் வாய்ப்புண்டு.

போர்டபிள் ஏசி எவ்வாறு இயங்குகிறது?

எந்த ஏசியும் குளிர்ச்சியைப் புதிதாக உருவாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. ஸ்பிளிட் ஏசியில் கம்பிரஸரும் வெப்பத்தை வெளியேற்றும் பகுதியும் வீட்டுக்கு வெளியே இருக்கும். போர்டபிள் ஏசியில் இவை அனைத்தும் அறைக்குள் உள்ள ஒரே பெட்டிக்குள் அடங்கியுள்ளன. ஆகவே, வெப்பக் காற்றை வெளியேற்ற ஒரு தடித்த குழாய் கட்டாயம் தேவை.

ஒரு டன் திறன் என்பது மணிக்கு 12,000 பிடியூ, அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அகற்றும் ஆற்றலைக் குறிக்கும். அவ்வாறு அகற்றும்போது ஏசி பயன்படுத்தும் 1.2 முதல் 1.5 கிலோவாட் மின்சாரமும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. இவை இரண்டும் சேர்ந்தே குழாய் வழியாக வெளியேற வேண்டும். குழாயை கேரேஜுக்குள்ளேயே விட்டுவிட்டால், முன்பக்கம் குளிர்ந்த காற்று வீசினாலும் அறையின் வெப்பம் குறையாது, மாறாக உயரும்.

ஒற்றைக் குழாயில் உள்ள சிக்கல்

சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான போர்டபிள் ஏசிகள் ஒற்றைக் குழாய் கொண்டவை. இவை அறையில் உள்ள காற்றையே எடுத்து, வெப்பமேற்றி வெளியே தள்ளுகின்றன. இதனால் அறைக்குள் காற்றழுத்தம் சற்றுக் குறைகிறது. அதை ஈடுசெய்ய, ஷட்டரின் அடிப்பகுதி, கதவின் இடுக்கு, கூரைத் தகடுகளின் இடைவெளி ஆகியவற்றின் வழியே வெளிக்காற்று உள்ளே நுழைகிறது.

இந்த இழப்பின் அளவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 10 அடி அகலம், 18 அடி நீளம், 10 அடி உயரம் கொண்ட ஒரு கேரேஜில் ஏறத்தாழ 50 கன மீட்டர் காற்று இருக்கும். ஏசி மணிக்கு 360 கன மீட்டர் காற்றை வெளியேற்றினால், சுமார் 8 நிமிடங்களுக்கு ஒருமுறை அறையின் காற்று அளவுக்கு ஈடான வெளிக்காற்று உள்ளே வந்துவிடும். வெளியே 42 டிகிரி, உள்ளே 27 டிகிரி எனக் கொண்டால், அந்தக் காற்றைக் குளிர்விக்க மட்டுமே 1.6 கிலோவாட்டுக்கு மேல் திறன் செலவாகும். ஒரு டன் ஏசியின் திறனில் ஏறக்குறைய பாதி இதிலேயே கரைந்துவிடுகிறது.

அமெரிக்க எரிசக்தித் துறை 2016-ல் வகுத்த அளவீட்டு முறை இந்த இழப்பையும், குழாயிலிருந்து அறைக்குள் கசியும் வெப்பத்தையும் கணக்கில் கொள்கிறது. பழைய முறையில் 14,000 பிடியூ என விற்கப்படும் பல சாதனங்கள் இந்த முறையில் 8,000 முதல் 10,000 பிடியூ வரையே பெறுகின்றன. பெட்டியில் அச்சிட்டுள்ள டன் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாற்றமடைவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இரட்டைக் குழாய் வகையில், வெப்பத்தை அகற்றத் தேவையான காற்று ஒரு குழாய் வழியாக வெளியிலிருந்தே எடுக்கப்பட்டு, மற்றொரு குழாய் வழியாக வெளியேற்றப்படுகிறது. அறையின் குளிர்ந்த காற்று வீணாவது இதில் வெகுவாகக் குறைகிறது. விலை அதிகமாக இருப்பினும், இடுக்குகள் நிறைந்த கேரேஜுக்கு இவ்வகையே பொருத்தமானது.

முதலில் கூரை, பிறகு ஏசி

நேரடி வெயிலில் தகரக் கூரையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அந்தக் கூரை கீழே இருப்பவர் மீது வெப்பத்தைக் கதிர்வீசிக்கொண்டே இருப்பதால், அறைக்காற்று குளிர்ந்த பின்னரும் உடல் புழுக்கத்தை உணர்கிறது. எனவே, ஏசி வாங்கும் முன் கூரையைச் சரிசெய்வது செலவைக் குறைக்கும்.

சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு இதில் எளிய வழி. தெலங்கானா அரசு 2023-ல் வெளியிட்ட குளிர் கூரைக் கொள்கை இத்தகைய கூரைகளை ஊக்குவிக்கிறது. குடியிருப்புக் கட்டடங்களுக்காக மத்திய மின்துறை அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பும் கூரை வழியே நுழையும் வெப்பத்துக்கு உச்ச வரம்பு விதிக்கிறது. தகரத்துக்குக் கீழே சிறு இடைவெளி விட்டு, வெப்பத்தடுப்புப் பலகையுடன் பொய்க் கூரை அமைப்பதும் பலன் தரும்.

ஷட்டரின் அடிப்பகுதியில் ரப்பர் பட்டையும் பக்கவாட்டில் தூரிகைப் பட்டையும் பொருத்தினால் வெளிக்காற்று நுழைவது குறையும். முழு கேரேஜையும் குளிர்விப்பதற்குப் பதிலாக, கடைகளில் தொங்கவிடப்படும் பிளாஸ்டிக் திரையால் பணியிடத்தை மட்டும் பிரித்துக்கொள்வது இன்னும் சிக்கனமானது. ஓடி வந்த காரின் எஞ்சின் நெடுநேரம் வெப்பத்தை வெளியிடும் என்பதால், அது ஆறும் வரை காரை வெளியே நிறுத்துவது நல்லது.

குழாயைப் பொருத்தும் முறை

வெப்பக் குழாய் இயன்றவரை குட்டையாகவும் நேராகவும் இருக்க வேண்டும். கூடுதல் குழாயை இணைத்து நீட்டினால் காற்றோட்டம் தடைபட்டு, கம்பிரஸர் அடிக்கடி நின்றுவிடும். ஷட்டரைப் பாதி திறந்து அதன் அடியில் குழாயை விடுவது பயனற்றது. வெளியேறிய வெப்பக் காற்று அதே வழியில் திரும்பிவிடும். ஜன்னல் அல்லது வென்டிலேட்டரில் அளவுக்கேற்ற பலகை பொருத்தி, அதில் துளையிட்டுக் குழாயைச் செருகுவதே சரியான முறை. குழாயின் மேற்பரப்பும் சூடாவதால், அதன் மீது வெப்பத்தடுப்பு உறை சுற்றலாம்.

மின் இணைப்பில் கவனம்

போர்டபிள் ஏசி இயங்கும்போது சுமார் 5 முதல் 7 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும்; கம்பிரஸர் தொடங்கும் கணத்தில் இது பன்மடங்கு உயரும். ஆகவே, எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக் பாயின்ட், தனி வயரிங், தனி எம்சிபி ஆகியவை தேவை. கேரேஜ் விளக்குக்காகப் போடப்பட்ட மெல்லிய வயரிலிருந்தோ, எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்தோ இணைப்பு கொடுத்தால் வயர் சூடேறித் தீப்பற்றக்கூடும்.

மின்சார வாகனம் வைத்திருப்போர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். 16 ஆம்பியர் பிளக்கின் முழுத் திறன் சுமார் 3.7 கிலோவாட். வீட்டில் பயன்படுத்தும் 3.3 கிலோவாட் சார்ஜர் ஒன்றே இதை ஏறக்குறைய நிரப்பிவிடும். அதே இணைப்பில் ஏசியையும் சேர்க்கக் கூடாது.

உயிருக்கு ஆபத்தாகும் தவறுகள்

குளிர்ச்சி வெளியேறாமல் இருக்க அறையை மூடி வைப்பது இயல்பு. ஆனால் கேரேஜைப் பொறுத்தவரை இதுவே பெரும் ஆபத்து.

* மூடிய கேரேஜில் கார், இருசக்கர வாகனம், ஜெனரேட்டர் ஆகியவற்றின் எஞ்சினை ஒருபோதும் இயக்கக் கூடாது. அவை வெளியிடும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி, மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். ஏசி இந்த வாயுவை வடிகட்டாது.

* கேரேஜை ஒட்டிய குளியலறையில் எரிவாயு கீசர் இருந்தால், ஒற்றைக் குழாய் ஏசி உருவாக்கும் குறைந்த அழுத்தம் அதன் புகையை உள்ளே இழுக்கக்கூடும். இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்குவதைத் தவிர்க்க வேண்டும்.

* பெட்ரோல் கேன், பெயின்ட் தின்னர் போன்றவற்றை அங்கு வைக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டியே தேங்கும். தரையில் நிற்கும் ஏசியின் மின்பொறி அதைப் பற்றவைக்கக்கூடும். அமெரிக்கக் கட்டட விதிகள், கேரேஜில் தீப்பொறி எழக்கூடிய சாதனங்களைத் தரையிலிருந்து 18 அங்குலம் உயர்த்தி வைக்கக் கோருவது இதனால்தான்.

* இன்வெர்ட்டருக்கான லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். அதைக் காற்றோட்டமுள்ள வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும்.

* சில ஏசிகளில் உள்ள ஆர்-290 என்பது எளிதில் தீப்பற்றும் புரோப்பேன். ஆர்-32 மிதமாகத் தீப்பற்றக்கூடியது. கையேட்டில் குறிப்பிட்டுள்ள குறைந்தபட்ச அறை அளவைச் சரிபார்ப்பதும், பழுதுநீக்கத்தைப் பயிற்சி பெற்றவரிடம் மட்டும் ஒப்படைப்பதும் அவசியம்.

ஏர் கூலர் போதுமா?

இது ஊரின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. ஜெய்ப்பூரின் மே மாத வெயிலில் 42 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் இருந்தால், நீர் ஆவியாவதன் மூலம் காற்றை 24 டிகிரிக்கு அருகில் வரை குளிர்விக்க இடமுண்டு. நல்ல ஏர் கூலர் இதில் பெரும்பகுதியை எட்டிவிடும். அதற்கு ஷட்டரையும் ஜன்னலையும் திறந்துவைக்க வேண்டும் என்பதால், இடுக்குகள் நிறைந்த கேரேஜ் அதற்கு ஒரு குறையல்ல. மின்செலவும் ஏசியைவிடப் பன்மடங்கு குறைவு.

மும்பை, சென்னை, கொல்கத்தா போன்ற ஈரப்பதம் மிகுந்த நகரங்களில் நிலைமை வேறு. 35 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது கூலரால் 30 டிகிரிக்குக் கீழே செல்ல இயலாது, புழுக்கமே கூடும். அங்கு ஏசியே பயன்தரும். ஆனால் காற்றிலிருந்து பிரியும் நீர் போர்டபிள் ஏசியின் தொட்டியில் விரைவில் நிரம்பும் என்பதால், வடிகால் குழாய் இணைப்பது நல்லது.

செலவும் தேர்வும்

1.3 கிலோவாட் ஏசி நாள்தோறும் 6 மணி நேரம் தொடர்ந்து இயங்கினால், மாதத்துக்குச் சுமார் 234 யூனிட் செலவாகும். யூனிட்டுக்கு 7 ரூபாய் எனக் கொண்டால் இது 1,638 ரூபாய். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என எரிசக்தி திறன் பணியகம் கூறுகிறது. நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகளுக்கு 24 டிகிரி தொடக்க அளவாக 2020 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டதும் இந்த அடிப்படையில்தான். கேரேஜில் 26 அல்லது 27 டிகிரியுடன் ஒரு மின்விசிறியும் சேர்த்தால் போதுமான சுகம் கிட்டும்.

சொந்த வீட்டில், ஆண்டுதோறும் பயன்படுத்தும் நிரந்தரப் பணியிடம் எனில் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசியோ ஜன்னல் ஏசியோ குறைந்த மின்சாரத்தில் கூடுதல் குளிர்ச்சி தரும். வாடகை வீடு, சில வாரங்களுக்கு மட்டுமான தேவை, ஒரு மூலையை மட்டும் குளிர்வித்தால் போதும் என்ற நிலைகளில் போர்டபிள் ஏசி பொருந்தும். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தரைத்தளத்தில் உள்ள திறந்த வாகன நிறுத்தத்தில் இதை இயக்குவதால் பயனில்லை. அவ்விடத்தை அடைத்து அறையாக்க விரும்புவோர், அதற்கு உள்ளாட்சி விதிகளில் இடமுள்ளதா என முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.