இங்கிலாந்தின் மரக் களஞ்சியங்கள்: பெயர்ப்பதா, புதிதாகக் கட்டுவதா?

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் 'பார்ன்' என்று அழைக்கப்படும் பெரிய மரக் கட்டடம் தமிழர் அறிந்த களஞ்சியத்திலிருந்து சற்று வேறுபட்டது. தமிழ்நாட்டில் கதிரடிக்கும் களம் வெட்டவெளியில் இருக்கும். குதிரும் பத்தாயமும் வீட்டுக்குள் இருக்கும். ஈரமும் குளிரும் மிகுந்த இங்கிலாந்தில் இரண்டையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தனர். அறுத்த கதிர்க்கட்டுகள் இருபுறமும் அடுக்கப்படும். நடுவில் கதிரடிக்கும் தளம். அதன் இரு பக்கமும் எதிரெதிரே உயரமான கதவுகள். கதவுகளைத் திறந்துவிட்டால் குறுக்கே வீசும் காற்றிலேயே பதரைத் தூற்றிவிடலாம்.

இத்தகைய களஞ்சியம் ஓரிடத்தில் வேண்டாததாகி வேறிடத்தில் தேவைப்படும்போது அதைப் பெயர்த்துக் கொண்டுபோவதா, புதிதாகக் கட்டுவதா என்ற கேள்வி பல நூற்றாண்டுகளாக இருந்து வந்துள்ளது. பழமைப் பற்று இதில் பின்னால்தான் நுழைந்தது. அதற்கு முன் விடையைத் தீர்மானித்தவை மரத்தின் விலையும் ஆள் கூலியுமே.

பிரித்துக் கட்டும் தச்சு

களஞ்சியத்தின் தூண்களும் விட்டங்களும் பெரும்பாலும் ஓக் மரத்தால் ஆனவை. ஓக் காய்ந்தால் இரும்புபோல் இறுகிவிடும். அதனால் தச்சர்கள் பச்சை மரத்தையே வெட்டிச் செதுக்கினர். ஒரு மரத்தின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றதில் வெட்டிய துளைக்குள் செருகி, குறுக்கே மரமுளை அடித்து இணைப்பது வழக்கம். கட்டடத்தின் சட்டகம் முழுவதையும் முதலில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பர். பிறகு பிரித்து, கட்டும் இடத்துக்கு வண்டியில் ஏற்றிச் செல்வர்.

ஒவ்வொரு இணைப்பும் தனித்தனியாகப் பொருத்தப்பட்டதால் ஒரு கழுந்து இன்னொரு துளையில் சரியாக உட்காராது. ஆகவே, சேரவேண்டிய இரு மரங்களிலும் ஒரே எண்ணைச் செதுக்கி வைத்தனர். உளியால் நேர்க்கோடாக வெட்ட எளிது என்பதால் ரோமன் எண்களே இதற்குப் பயன்பட்டன. நான்கைக் குறிக்க நான்கு கோடுகள் போடுவதும் உண்டு. எசெக்சு மாவட்டத்துக் கிரெசிங் டெம்பிளில் உள்ள, தேவாலய வீரர்களின் 13-ஆம் நூற்றாண்டுக் களஞ்சியங்களைக் காண்போர் அவற்றின் பிரம்மாண்டத்தையே முதலில் வியப்பர். ஆனால் இந்தத் தச்சு மரபின் நுட்பம் பெரிதும் இணைப்புகளில்தான் இருக்கிறது. முளைகளைத் தட்டி எடுத்துவிட்டால் மரச் சட்டகம் மீண்டும் எண்ணிட்ட மரங்களின் அடுக்காகிவிடும்.

இக்கட்டுமுறையில் எழுந்த கட்டடத்தைப் பெயர்ப்பதற்குப் புகழ்பெற்ற சான்று களஞ்சியம் அன்று, ஒரு நாடக அரங்கு. 1576-இல் இலண்டன் சோர்டிச்சில் சேம்சு பர்பேசு 'தியேட்டர்' என்ற அரங்கைக் குத்தகை நிலத்தில் கட்டினார். 1597-இல் குத்தகை முடிந்தது. நில உரிமையாளருடன் பூசல் மூண்டது. 1598 டிசம்பர் 28 அன்று பர்பேசின் மகன்கள், பீட்டர் சுட்ரீட் என்ற தச்சருடன் ஆட்களைக் கூட்டிச் சென்று அரங்கைப் பிரிக்கத் தொடங்கினர். தேம்சு ஆற்றின் தென்கரையில் 1599-இல் எழுந்த சேக்சுபியரின் 'குளோப்' அரங்கு அந்த மரங்களைக் கொண்டே கட்டப்பட்டது. நிலம் ஒருவருக்கும் மரம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம் என்ற எண்ணம் அக்காலத்தில் எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதற்கு இது சான்று.

கணக்கு தலைகீழான காலம்

1786-இல் ஆண்ட்ரூ மெய்க்கிள் இசுக்காட்லாந்தில் கதிரடிக்கும் பொறியை உருவாக்கிய பிறகு கதிரடிக்கும் தளத்தின் தேவை மெல்லக் குறைந்தது. அறுவடைப் பொறி வயலிலேயே மணியைப் பிரித்துக் கொடுத்தபோது அந்தத் தேவை அறவே போயிற்று. டிராக்டரும் உயர்ந்த வண்டிகளும் பழைய கதவுகளுக்குள் நுழைய முடியவில்லை. எஃகுச் சட்டகமும் நெளிதகடும் கொண்ட கொட்டகையைச் சில நாள்களில் எழுப்பிவிடலாம் என்ற நிலையில், கூலி உயர்ந்த காலத்தில் ஓக் சட்டகத்தைப் பிரித்துப் பழுது நீக்கிக் கட்டுவது உழவருக்குக் கட்டுப்படியாகவில்லை. பல களஞ்சியங்கள் சரிந்தன. பல குடியிருப்புகளாக மாறின.

பணக்காரச் சேகரிப்பாளர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தவில்லை. அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ப் அர்சுட்டு வில்ட்சையரின் பிராடன்சுட்டோக் மடத்துக் கட்டடங்களை வாங்கிப் பிரித்தார். சில பகுதிகள் வேல்சிலிருந்த அவருடைய செயிண்ட் டோனட்சு கோட்டையில் சேர்க்கப்பட்டன. களஞ்சியமோ பெட்டிகளில் அடைபட்டுக் கலிபோர்னியா சென்று, மீண்டும் எழுப்பப்படாமலே கிடந்தது. பழங்காலக் கட்டடப் பாதுகாப்புக் கழகம் இதைக் கடுமையாக எதிர்த்தது. பெயர்த்தெடுப்பதில் உள்ள ஆபத்து இதில் வெளிப்படையாகத் தெரிகிறது: பிரிப்பதற்குப் பணமும் ஆர்வமும் எளிதில் கிடைக்கின்றன, திரும்பக் கட்டுவதற்குக் கிடைப்பதில்லை.

அருங்காட்சியக வழி

திரும்பக் கட்டுவதையே நோக்கமாகக் கொண்டவை திறந்தவெளி அருங்காட்சியகங்கள். 1891-இல் ஆர்தர் அசேலியசு சுட்டாக்கோமில் தொடங்கிய இசுகான்சன் இவற்றுக்கு முன்னோடி. வேல்சின் செயிண்ட் பேகன்சு 1948-இல் திறக்கப்பட்டது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவும் தென்னிந்திய வீடுகளைப் பிரித்துவந்து கட்டிய இடமே.

தென் இங்கிலாந்தில் ராய் ஆம்சுட்ராங் முன்னின்று உருவாக்கிய வீல்டு அண்டு டவுன்லாண்டு அருங்காட்சியகத்துக்குத் தூண்டுகோல், கிராலி புதுநகரம் உருவானபோது இடைக்காலக் கட்டடங்கள் இடிபட்டதே. கெண்டு மாவட்டத்தில் போபீச்சு நீர்த்தேக்கம் வரவிருந்தபோது, அப்பகுதியின் பேலீப் பண்ணை வீடு பிரித்தெடுக்கப்பட்டு இங்கு வந்தது. பெயர்க்காவிட்டால் அழிவுதான் என்ற நிலையில் இதற்கு மறுப்புச் சொல்ல யாருமில்லை. 1964-இன் வெனிசு சாசனமும் நினைவுச்சின்னத்தை அதன் இடத்திலிருந்து பிரிக்கலாகாது என்று கூறிவிட்டு, காப்பாற்ற வேறு வழியில்லாத நிலைக்கு விலக்கு அளிக்கிறது.

ஆனால் எல்லாக் களஞ்சியத்தையும் வண்டியில் ஏற்ற முடியாது. 1420-களில் எழுந்த ஆர்மண்ட்சுவர்த்துக் களஞ்சியம் ஏறத்தாழ 58 மீட்டர் நீளம் கொண்டது. ஈத்ரோ விமான நிலையத்தின் மூன்றாம் ஓடுபாதைத் திட்டம் அந்த ஊரின் அருகே வந்து நிற்கிறது. அதைப் பிரித்து வேறிடத்தில் கட்டினால் மரம் மிஞ்சும். ஆனால் எந்த வயல்களின் விளைச்சலுக்காக அத்தனை நீளம் தேவைப்பட்டது என்பதை அந்தப் புதிய இடம் சொல்லாது.

பழைய கட்டடங்களைப் பெயர்த்துவந்த வீல்டு அண்டு டவுன்லாண்டு அருங்காட்சியகம், சட்டகங்களைக் கிடத்திப் பழுது பார்க்கப் பெரிய பட்டறை தேவைப்பட்டபோது களஞ்சியம் ஒன்றைத் தேடிப் போகவில்லை. மெல்லிய பச்சை ஓக் சட்டங்களைத் தட்டையான வலையாகப் பின்னி, வளைத்து இறக்கி, 2002-இல் புதிய கட்டடம் ஒன்றை எழுப்பியது. எட்வர்டு கலினன் நிறுவனம் வடிவமைத்த அக்கட்டடம் அவ்வாண்டின் இசுடிர்லிங் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.